கட்டைவிரலை எடுத்த பிறகும் கேட்ட குரல்

ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பொருளை எந்தக் கணத்திலிருந்து நம்பத் தொடங்கலாம்?

இந்தக் கேள்வியோடுதான் இந்த மேடைக்கு ஏறி வந்திருக்கிறேன். விடையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு உங்களைச் சோதிக்கக் கேட்கவில்லை. எனக்கு விடை தெரியாது. இறங்கிப் போகும்போதும் தெரியாமல்தான் போவேன் என்று நினைக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி முறைப்படி தொடங்குகிறேன்.

அவைக்குத் தலைமை ஏற்று, இருக்கையின் நுனியில் அமர்ந்து, எந்த நேரமும் மணி அடிக்கலாம் என்று ஒரு காதை வாசல் பக்கமே வைத்திருக்கும் நிலைய அலுவலர் அவர்களே! எரிகிற வீட்டுக்குள் எதிர்த்திசையில் ஓடுவதைத் தொழிலாகக் கொண்ட தீயணைப்பு வீரர்களே! அந்தத் தொழிலை முடித்துவிட்டு ஓய்வு பெற்றும் ஓய்வெடுக்கத் தெரியாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! அடுப்பில் எரியும் தீயைத் தவிர வேறெந்தத் தீயும் மூளக்கூடாது என்று காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்ளும் தாய்மார்களே! என் ஆய்வுக்கூடத்துத் தோழர்களே! தன் கொட்டகை நிழலை நமக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் வெயிலில் போய் நிற்கும் அந்தத் தண்ணீர் வண்டியே, உனக்கும் சேர்த்து வணக்கம்.

நான் மேடைக்காரி அல்ல. கூட்டத்தைக் கண்டால் குரல் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் கூச்சம் ஏறும். என் பிழைப்பு நான்கு சுவர்களுக்குள், கண்ணுக்குத் தெரியாத அலைகளோடு. அந்த அலைகள் கைதட்டுவதில்லை, கொட்டாவியும் விடுவதில்லை. பத்து நிமிடம் பேசச் சொன்னார் தலைவர். 'நீங்க செஞ்ச பெட்டியப் பத்திப் பேசுங்க மேடம், புரியுற மாதிரி பேசுங்க' என்றார். முதல் பாதி எளிது. இரண்டாம் பாதிக்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது.

பெட்டி இதுதான். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லையா? தெரியாவிட்டால் நல்லது. தெரியாத அளவுக்குச் சிறியதாக ஆக்கத்தானே இத்தனை பாடு. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. வீரர் தலையில் அணியும் ஹெல்மெட்டின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இது எதற்கு என்று கேட்டால் ஒரே வரியில் சொல்வேன்: பேசுகிறவன் செவிடாகாமல் இருப்பதற்கு.

அது என்ன, பேசினால் காது போய்விடுமா என்று கேட்பீர்கள். போகும். வீரர்கள் கையில் இருக்கும் அந்தப் பழைய வாக்கி-டாக்கி ரேடியோவைப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்தியிருக்கும்வரை வெளியே யார் என்ன கத்தினாலும் காதில் விழாது. வீட்டில் இருந்துகொண்டு பேசினால் பெரிய நட்டமில்லை. ஆனால் புகைக்குள் இருப்பவனுக்கு? எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாதவனுக்கு? தலைக்கு மேல் இருக்கும் கூரை இன்னும் எத்தனை நேரம் நிற்கும் என்பதை வெளியே நிற்பவர் மட்டுமே பார்க்க முடிகிற இடத்தில் இருப்பவனுக்கு?

நிலைய அலுவலர் முதன்முதலில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது தேநீரைத் தொடவில்லை. உட்கார்ந்ததும் சொன்னார்:

'எரியுற வீட்டுக்குள்ள எங்க நெட்டையன் போனான். எங்க பார்த்தாலும் புகைங்கிறான், வலது பக்கம் ஒரு ரூம் இருக்குங்கிறான், கதவு சுடுதுங்கிறான். எல்லாம் சரியாத்தான் சொல்றான். நான் வெளிய நின்னு வாடா வாடான்னு தொண்டை கிழியக் கத்துறேன். அவன் பொத்தான விட்டாத்தானே என் குரல் போகும்? விடவே இல்ல. பேசிக்கிட்டே இருந்தான்.'

'அப்புறம்?' என்று கேட்டேன்.

'அப்புறம் என்ன, கூரை சரிஞ்சு தோள்ல பட்டுச்சு. பொழச்சான். ஆனா மேடம், அவன் மேல தப்பில்ல. விவரம் சொல்லுன்னு நான்தானே பழக்கினேன்.'

அந்த நெட்டையன் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். உட்கார்ந்தும் பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி ஏதோ சொல்கிறார்... சொல்லுங்கள் அம்மா, எனக்கும் கேட்கட்டும். 'வீட்டுலயும் அப்படித்தான், பேச ஆரம்பிச்சா நாம சொல்றது காதுல ஏறாது' என்கிறீர்களா? அந்தக் குறைக்கு எங்களிடம் பெட்டி இல்லை, தாயே. ஆராய்ச்சி நடக்கிறது என்று வேண்டுமானால் சொல்லி வைக்கிறேன்.

சரி, ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் என்ன செய்ய வேண்டும்? ஹெல்மெட்டில் ஆன்டெனா ஒன்றுதான் வைக்க முடியும். அந்த ஒன்றின் வழியாகவே நம் குரல் போக வேண்டும். அதன் வழியாகவே அவர்கள் குரல் வரவும் வேண்டும். போகிற குரல் பக்கத்திலேயே பிறக்கிறது, ஆகவே பெரிது. வருகிற குரல் தொலைவிலிருந்து தேய்ந்து தேய்ந்து வருகிறது, ஆகவே சிறிது. இரண்டையும் ஒரே வாசலில் விட்டால் பெரியது சிறியதை மிதித்துவிடும். உலக வழக்கமே அதுதானே?

இங்கேதான் சர்க்குலேட்டர் என்ற பொருள் வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூன்று சாலைகள் கூடும் ரவுண்டானா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். உள்ளே வந்ததும் அடுத்த சாலையிலேயே இறங்கிவிட வேண்டும். முதல் சாலை நம் வாய். இரண்டாவது சாலை ஆன்டெனா. மூன்றாவது சாலை நம் காது. வாயில் புறப்பட்டது ஆன்டெனாவில் இறங்கி வெளியே போய்விடும். ஆன்டெனாவில் வந்தது காதில் இறங்கும். வாயிலிருந்து காதுக்கு நேர்வழி கிடையாது. அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வதெல்லாம் எங்கள் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

இந்த ரவுண்டானாவைக் காந்தம் வைத்துச் செய்வது பழைய முறை. நல்ல முறை. நம்பகமான முறை. ஆனால் காந்தம் கனக்கும்; நாங்கள் எடுத்துக்கொண்ட அலைவரிசைக்கு உள்ளங்கை அகலம் வேறு ஆகும். ஏற்கெனவே முதுகில் காற்று உருளை, தலையில் ஹெல்மெட், கையில் குழாய். அந்தக் கழுத்தில் இன்னும் ஒரு கல்லைக் கட்டவா? ஆகவே காந்தத்தை விட்டோம். மூன்று மூலையில் மூன்று டிரான்சிஸ்டர்களை நிறுத்தினோம். ஒவ்வொன்றும் தன்னிடம் வரும் அலையை அடுத்த மூலைக்குத் தள்ளும். திரும்பி வந்தால் விடாது. பேட்டரியில் சாப்பிட்டுவிட்டு வேலை செய்கிற மூன்று காவல்காரர்கள். காந்தம் சும்மா இருக்கும் சாமியார் என்றால் இவர்கள் சம்பளம் வாங்கும் ஆட்கள்.

சம்பளம் வாங்கும் ஆட்களிடம் ஒரு தொல்லை உண்டு. அவர்களுக்குச் சுறுசுறுப்பு மிஞ்சும். சற்று முன் இந்த மைக் ஊளையிட்டதே, காதைப் பொத்திக்கொண்டீர்களே, அது என்ன? ஒலிபெருக்கியிலிருந்து வந்த சத்தம் மீண்டும் மைக்குக்குள் போயிற்று. மைக் அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தது. அது மீண்டும் உள்ளே போயிற்று. யாருமே பேசவில்லை. ஆனாலும் கத்தல். எங்கள் பெட்டிக்கும் அதே வியாதி வரலாம். ஆன்டெனாவிலிருந்து கசிந்த அலை திரும்பி உள்ளே நுழைந்தால் மூன்று காவல்காரர்களும் அதையே மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு, தங்கள் குரலையே தாங்கள் கேட்டுக்கொண்டு, வெளியுலகத்தை மறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வீரருக்குக் காதில் ஒரு கீச்சொலி மட்டும் கேட்கும். வேறெதுவும் கேட்காது. பழைய ரேடியோவிலாவது பொத்தானை விட்டால் காது திரும்பும். இதில் திரும்பாது.

இந்த வியாதி வரலாம் என்று தெரிந்துதான் கட்டினோம். வராதபடி கட்டிவிட்டோம் என்றும் நினைத்தோம். ஏன் நினைத்தோம் என்பதுதான் கதை.

எங்கள் குழுவில் ஒரு மூத்த பொறியாளர் இருக்கிறார். அந்த மூன்று டிரான்சிஸ்டர்களைப் பேச வைத்தவர் அவரே. அவர் பெயரை நாங்கள் மறந்து பல காலம் ஆகிறது. எல்லோருக்கும் அவர் கைராசிக்காரர். காரணம் உண்டு. வேறு யார் இந்தப் பெட்டியில் ஆன்டெனாவை மாட்டினாலும் சில நேரம் கீச்சிடும். அவர் எடுத்தால் அடங்கிவிடும். அளவு எடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், வாய் துடுக்கு. பெட்டி கீச்சிட்டால் எழுந்து போய் அவர் மேசையில் வைப்பாள்.

'சார், உங்க புள்ள அழுவுது. தூக்குங்க.'

அவர் தூக்குவார். சத்தம் நின்றுவிடும்.

'பாத்தியா? ராசி வேணும்மா, ராசி. படிச்சா மட்டும் போதாது.'

'படிக்காமலே வந்திருப்பேனே சார், முன்னாடியே சொல்லியிருந்தா.'

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். யார் வந்து பார்த்தாலும் பெட்டியைக் காட்டுவது அவர்தான். அளவுக் கருவி எண்களைப் பதியும்போது பெட்டியைப் பிடித்திருப்பதும் அவர்தான். அது எங்கள் கூடத்தின் வழக்கமாகிவிட்டது. மேசையில் பொருத்தி அளப்பதும் உண்டு. ஆனால் அப்போது ஆன்டெனா இருக்காது. அதற்குப் பதிலாக, வரும் அலை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் ஒரு சிறு மூடியைத் திருகி மாட்டுவோம். அது பரம சாது. எதையும் திருப்பித் தராது. சாதுவோடு சண்டை வருமா? மேசையிலும் நன்றாக இருந்தது. அவர் கையிலும் நன்றாக இருந்தது. ஆகவே எங்கும் நன்றாக இருக்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

சோதனை நாள் வந்தது. இந்த நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிக் கட்டடம் உங்களுக்குத் தெரியும். சன்னல் இல்லாதது, புகை இயந்திரத்தைப் போட்டால் தன் கை தனக்குத் தெரியாதது. பெட்டியை ஹெல்மெட்டில் மாட்டினோம். நெட்டையன் உள்ளே போகக் கிளம்பினார். வாசலைத் தாண்டும் முன்பே காதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

'என்னங்க இது, கொசு பாடுற மாதிரி இருக்கு. சார் பேசினதே கேக்கல.'

கைராசிக்காரர் ஓடினார். ஹெல்மெட்டிலிருந்து பெட்டியைக் கழற்றினார், கையில் பிடித்தார். அருமையாக வேலை செய்தது. திரும்ப மாட்டினார், கீச். கழற்றினார், அமைதி. வேறு ஹெல்மெட் கேட்டார். அதிலும் கீச்.

'ஹெல்மெட் சரியில்ல சார். இதுல என்னமோ கலந்திருக்காங்க' என்றார்.

நிலைய அலுவலர் குரலை உயர்த்தவில்லை. 'ஹெல்மெட் மேல பழி போடாதீங்க. அது இத்தனை வருஷமா எங்க தலையக் காப்பாத்தியிருக்கு. உங்க பெட்டி இன்னும் யாரையும் காப்பாத்தல' என்றார்.

மேலிடத்திலிருந்து வந்திருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும், அதிலும் இப்படியானால் பழைய ரேடியோவே தொடரும் என்றும் சொன்னார். சொன்னது நியாயம். ஆனால் 'பழைய ரேடியோவே தொடரும்' என்ற சொற்களைக் கேட்டபோது நெட்டையனின் கை தானாகத் தன் தோளுக்குப் போனதை நான் பார்த்தேன். அவர் அறிந்து செய்ததல்ல. அதனால்தான் அதை என்னால் மறக்க முடியவில்லை.

கூடத்துக்குத் திரும்பினோம். மர முக்காலி ஒன்றை நடுவில் போட்டேன். பெட்டியை அதன்மேல் வைத்தேன். ஆன்டெனாவை மாட்டினேன். எல்லோரையும் சுவரோரம் போகச் சொன்னேன். அளவுக் கருவியின் திரையில் கோடு ஒன்று விளக்குக் கம்பம்போல எழுந்து நின்றது. கீச்.

'நான் பாக்குறேன் மேடம்' என்று கைராசிக்காரர் வந்தார். எடுத்தார். கம்பம் சாய்ந்தது. அமைதி.

'அப்படியே இருங்க. பெட்டிய முக்காலி மேல வையுங்க. கையை எடுக்காம வையுங்க.'

வைத்தார்.

'இப்ப ஒவ்வொரு விரலா எடுங்க.'

சுண்டுவிரல் போயிற்று, அமைதி. மோதிரவிரல் போயிற்று, அமைதி. நடுவிரல், ஆள்காட்டி விரல், அமைதி. பெட்டியின் வலது மூலையில் அவருடைய அகலமான கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

'அதையும் எடுங்க.'

'எடுத்தா போயிடுமே மேடம்.'

'அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன்.'

எடுத்தார். கம்பம் எழுந்தது. வைத்தார். விழுந்தது. எடுத்தார். எழுந்தது. அந்த மனிதர் தன் கட்டைவிரலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார், முதன்முதலாகப் பார்ப்பவர்போல.

'அப்ப இத்தனை நாளா வேலை செஞ்சது நான் இல்லையா? இதுவா?'

வாய்த்துடுக்கான பெண் வந்து பெட்டியின் அந்த மூலையைப் பென்சிலால் வட்டமிட்டாள்.

நடந்தது இதுதான், நண்பர்களே. பெட்டி பிளாஸ்டிக்; கனம் குறைவாக இருக்கட்டும் என்று. அந்த மூலைக்கு நேர் கீழே மூன்றாவது காவல்காரர். ஆன்டெனாவிலிருந்து கசியும் அலை அந்த மூலை வழியாகத்தான் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். அவர் பெட்டியைப் பிடிக்கும் பழக்கத்தில் கட்டைவிரல் சரியாக அந்த மூலையில் விழுந்தது. ராசி இல்லை. ஓட்டைக்கு அடைப்பு. பெட்டி தினமும் எங்களிடம் கத்திக் கத்தி உண்மையைச் சொன்னது. நாங்கள் தினமும் அதைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தோம்.

இங்கே என் மனநிலையைச் சொல்ல வேண்டும். வெட்கம் இருந்தது, பயம் இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிம்மதி. கட்டடம் எரியவில்லை. புகை வெறும் இயந்திரப் புகை. கீச்சொலி கேட்டவர் வாசலிலேயே திரும்பிவிட்டார். எங்கள் பிழை, பிழை செய்தாலும் யாருக்கும் ஆபத்தில்லாத இடத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கிறது?

மறுநாள் கைராசிக்காரர் மலர்ந்த முகத்தோடு வந்தார். தன் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரப்பர் துண்டு; அலையைக் குடிக்கும் வகை. மூலையில் ஒட்டினார். கீச் இல்லை.

'முடிஞ்சுது மேடம். எனக்குப் பதிலா ஒரு ரப்பர் விரல். சம்பளம்கூடக் கேக்காது.'

எனக்கு எதையும் எளிதில் நம்ப வராது. என் வீட்டில் இதைக் குணம் என்று சொல்ல மாட்டார்கள். 'இவ உப்பு டப்பாவத் திறந்தாலும் நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தான் உப்புன்னு ஒத்துப்பா' என்பார் என் கணவர். ஆகவே ஹெல்மெட்டின் மேல் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்தில் இரும்பு ஏணியை வைத்தேன். ஏணியைக் கொஞ்சம் சாய்த்ததும் கீச். அலை வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. ஒரு ஓட்டைக்கு ஒரு விரல் போதும். எந்தப் பக்கம் ஓட்டை விழும் என்று தெரியாத ஊரில் எத்தனை விரலை ஒட்டுவது?

'தள்ளுற வேகத்தக் குறைக்கணும்' என்றேன். 'மூணு டிரான்சிஸ்டர்லயும். தன்னால கத்துற தெம்பே அதுங்களுக்கு இருக்கக் கூடாது.'

அவர் முகம் சுருங்கியது. 'குறைச்சா சத்தம் மெலியும். கரகரப்பு வரும். அந்தத் தெளிவு வர நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.'

'தெரியும்.'

'தெரிஞ்சும் குறைக்கச் சொல்றீங்க.'

'ஆமா.'

தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். கழுவ வெகு நேரம் எடுத்தது. ஒரே கோப்பைதான். திரும்பி வந்து சொன்னார்: 'சரி. குறைக்கலாம். ஆனா நான் தொட மாட்டேன். அந்தப் பொண்ணு செய்யட்டும், நான் பக்கத்துல நின்னு சொல்றேன். இனிமே என் கை படாமத்தான் இது ஓடணும்.'

கோபத்தில் சொல்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். இல்லை. அதைவிடச் சரியான சோதனை முறையை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அன்றுமுதல் எங்கள் கூடத்தில் புது வழக்கம்: பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அதைச் செய்தவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்தோம், ஆன்டெனாவுக்கும் சுற்றுக்கும் நடுவில் மெல்லிய செம்புத் தகட்டால் ஒரு மதில் எழுப்பினோம். ஏணியைச் சாய்த்தோம், நிமிர்த்தினோம், தண்ணீர் ஊற்றினோம், கையுறை போட்டுப் பிடித்தோம், கையை விட்டோம். பெட்டி வாய் திறக்கவில்லை.

நிலைய அலுவலரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னோம். காதில் வைத்துப் பார்த்தார்.

'குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கே மேடம்.'

'இருக்கும்.'

'நடுவுல கேக்காமப் போகுமா?'

'போகாதுன்னு அளந்து பாத்திருக்கோம். ஆனாலும் உள்ள அனுப்பிப் பாக்கணும்.'

'அப்ப இது போதும். நான் என்ன பாட்டா கேக்கப் போறேன்?'

இரண்டாவது சோதனை. அதே கட்டடம், அதே புகை, அதே நெட்டையன். அவருக்கு ஒரே ஒரு கட்டளை: வாயை மூடக்கூடாது. அது அவருக்குக் கட்டளையா, வரமா என்பதை அவர் மனைவியிடம் விட்டுவிடுகிறேன். உள்ளே போனார். தன் வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவன் எப்படி இன்னொரு குழாயையும் உடைத்துவிட்டுப் போனான் என்ற கதையைத் தொடங்கினார். நாங்கள் வெளியே நின்றோம். கைராசிக்காரர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, தானாகவே.

கதை நடந்துகொண்டிருந்தது. 'அவன் என்ன பண்ணான் தெரியுமா சார், ஸ்பேனர எடுத்து...' என்று நெட்டையன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிலைய அலுவலர் வாயைத் திறந்தார். குரலை உயர்த்தாமல், எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் சொன்னார்: 'இடது பக்கம் திரும்பு.'

'...எடுத்து, சரி சார் திரும்பிட்டேன், அந்தப் பெரிய குழாயில மாட்டினான் பாருங்க...'

கதை நிற்கவில்லை. கட்டளையும் தவறவில்லை. போகிற குரல் போயிற்று, வருகிற குரல் வந்தது, ஒன்றையொன்று மிதிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. கைராசிக்காரர் பையிலிருந்து கைகளை வெளியே எடுத்து, உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன்: நான் அதுவரை ஒற்றைக் காலில் நின்றிருந்தேன். மற்றக் காலைத் தரையில் வைத்தேன். தரை இருந்தது.

அவையோரே! வெற்றி என்ற சொல்லை இங்கே பலர் சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். நிம்மதி என்ற சொல் எனக்குப் போதும். வெற்றிக்குக் கொடி வேண்டும், கொட்டு வேண்டும், கூட்டம் வேண்டும். நிம்மதிக்கு இரண்டு காலும் தரையில் இருந்தால் போதும். ஆனால் அந்த நிம்மதி சும்மா வரவில்லை. திறமையானவர் ஒருவர் தன் கையைத் தானே விலக்கிக்கொண்டதால் வந்தது. நாம் பிடித்திருக்கும்வரை நிற்பது நம் படைப்பா? நாம் பார்த்திருக்கும்வரை நடப்பது ஒழுங்கா? நாம் பக்கத்தில் இருக்கும்வரை கேட்பது குரலா? இல்லை. கை விலகிய பின்னும் நிற்க வேண்டும். கண் விலகிய பின்னும் நடக்க வேண்டும். புகைக்குள், நம்மில் ஒருவரும் போக முடியாத அந்த இருட்டுக்குள், நம்மை அறியாத ஒருவரின் காதில், நாம் இல்லாதபோதும் அது கேட்க வேண்டும். கை விலகிய பின் மிஞ்சுவது எதுவோ அதுவே நாம் செய்தது. மற்றதெல்லாம் நாம் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. பேசுகிறவர் செவிடாகக் கூடாது என்பது தீயணைப்பு வீரருக்கு மட்டும் சொன்னதல்ல. கூடத்தில் தலைமை தாங்குபவருக்கும் பொருந்தும். வீட்டில் குரல் ஓங்குபவருக்கும் பொருந்தும். மைக்கின் முன்னால் நிற்கிறவருக்கு மிகவும் பொருந்தும். ஆகவே முன்வரிசைப் பெரியவர் கடிகாரத்தைக் காட்டுவது எனக்குத் தெரிகிறது, ஐயா. பேசிக்கொண்டேதான் பார்க்கிறேன். எங்கள் பெட்டி செய்வதை நான் செய்ய வேண்டாமா?

இடம் தந்த நிலையத்துக்கும், எங்களை ஒருமுறை திருப்பி அனுப்பிய கண்டிப்புக்கும், மறுமுறை கூப்பிட்ட பெருந்தன்மைக்கும் நன்றி. உள்ளே போய்ப் பார்த்த நெட்டையனுக்கும், அவரை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்த அந்த அம்மாவுக்கும் நன்றி. கைராசிக்காரரே, எழுந்து நில்லுங்கள். எல்லோரும் பார்க்கட்டும். கைதட்டுவது உங்கள் கைக்கு அல்ல, அதை எடுத்ததற்கு.

கும்பிட்டு இறங்குவதற்கு முன், அந்த இரண்டாவது சோதனைக்கு அடுத்த நாள் என்ன நடந்தது என்பதை மட்டும் நடந்தபடியே பதிவு செய்துவிடுகிறேன்.

அடுத்த நாள் மதியம் ஒரு பழந்துணிக் கிடங்கில் தீ. நெட்டையன் இந்தப் பெட்டியோடு உள்ளே போனார். மூட்டைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று வழக்கம்போல் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே இருந்த நிலைய அலுவலர் கூரை ஒரு பக்கம் தொய்வதுபோல் கண்டு, 'வெளிய வா' என்றார். வாக்கியத்தின் நடுவிலேயே நெட்டையன் திரும்பினார். பேசிக்கொண்டேதான் வந்தார். வெளியே நின்றே தண்ணீர் அடித்துத் தீயை அணைத்தார்கள்.

கூரை விழவில்லை. அது இன்றும் அப்படியேதான் இருக்கிறதாம். ஆகவே இந்தப் பெட்டி ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். கரி படிந்த முகத்தோடு அண்ணாந்து பார்த்துவிட்டு நெட்டையன் கேட்டாராம்: 'பாத்தீங்களா சார், விழலையே. நான் உள்ளயே இருந்திருக்கலாம்.'

'விழல, சரி. நான் கூப்பிட்டது கேட்டுச்சா?'

'கேட்டுச்சு சார்.'

'பேசிக்கிட்டு இருக்கும்போதே?'

'பேசிக்கிட்டு இருக்கும்போதேதான்.'

நிலைய அலுவலர் வண்டிப் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, உள்ளே போயிருந்த தண்ணீரைக் கொட்டினார். பிறகு எனக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். வணக்கம்.